முதுமையும் வீட்டின் அளவும்

வீட்டு வசதி என்றவுடன் வீடற்றோருக்கு வீடு அளிப்பதே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. அது முறையே. எனினும், தேவைக்கு மிஞ்சிய பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் தனித்து வாழ்வதும் அதே பிரச்சினையின் மற்றொரு முகமாகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கணக்கிடப்பெற்ற சுமார் 33 கோடி வீடுகளில் ஏறத்தாழ 2½ கோடி வீடுகள் காலியாக இருந்தன. அவ்வாண்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். 2036-இல் இவர்கள் 22 கோடியைத் தாண்டுவர் என்பது 2020-இல் வெளியான அரசுத் தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீடு.

இந்நிலையை மிகத் தெளிவாகக் காணக்கூடிய மாநிலம் கேரளம். 2011-இல் நாடு முழுவதும் முதியோர் விகிதம் 8.6 சதவீதமாக இருக்க, கேரளத்தில் அது 12.6 சதவீதம். 2001-க்கும் 2011-க்கும் இடையே பத்தனம்திட்டா, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களில் மக்கள்தொகையே குறைந்துவிட்டது. ஆனால் வீடுகள் குறையவில்லை. மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை காலியாகக் கிடந்தன. வளைகுடா நாடுகளில் உழைத்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பெற்றோர் எழுப்பிய மாடி வீடுகள் இவற்றுள் பல.

பத்தனம்திட்டாப் பகுதியில் அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து படுக்கையறைகள். பிள்ளைகள் இரண்டாண்டுக்கு ஒரு முறை வருவர். முதிய தம்பதியர் சமையலறையையும் அதை ஒட்டிய ஓர் அறையையும் மட்டுமே புழங்குகின்றனர். மாடி பூட்டியிருக்கிறது, ஆனால் பூட்டிய மாடிக்கும் செலவு உண்டு. இடவப்பாதி மழை தொடங்குமுன் மொட்டைமாடியின் சருகை அகற்றியாக வேண்டும். வெளிப்படிகளில் பாசி படரும். தென்னை ஏற ஆள் கிடைப்பதில்லை. இரவில் கழிவறைக்குச் செல்ல நீண்ட கூடத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதுமையில் ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் நடமாட்டமே அரிதாகிவிடக்கூடும். ஆகவே வீட்டைச் சுருக்குவது சிக்கனத்துக்கான வழி மட்டுமன்று. உடல் நலத்தைக் காப்பதும் ஆகும். சிறிய வீடு என்பதாலேயே அது ஏற்றதாகிவிடாது என்பதையும் இங்கே கூற வேண்டும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக் குடியிருப்பைவிட, தரைத்தளத்தில் உள்ள பெரிய வீடே மேல்.

பெரியதை விற்றுச் சிறியதை வாங்குவது கணக்கில் எளிதாகத் தோன்றுகிறது. நடைமுறை அவ்வளவு எளிதன்று. கேரளத்தில் வாங்குவோர் முத்திரைத் தீர்வையாக 8 சதவீதமும் பதிவுக் கட்டணமாக 2 சதவீதமும் செலுத்த வேண்டும். 40 லட்ச ரூபாய்க்குச் சிறு வீடு வாங்குவோருக்கு இதற்கே 4 லட்சம் ஆகிவிடும். அடுத்து மூலதன ஆதாய வரி. பழைய வீட்டை விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டாண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்றாண்டுக்குள் கட்டி முடித்தால், வரிவிலக்கு உண்டு. ஆனால் புதிய வீட்டுக்குச் செலவிட்ட தொகை அளவுக்கே அவ்விலக்கு. வீடு சிறிதாகச் சிறிதாக, வரிக்குட்படும் மீதி ஆதாயம் பெருகக்கூடும். அதில் 50 லட்சம் வரை குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் முதலிட்டு விலக்குப் பெறலாம். ஆனால் பணம் ஐந்தாண்டு முடங்கும். எழுபத்தைந்து வயதுடையவருக்கு ஐந்தாண்டு சிறு காலமன்று.

இவற்றினும் பெரிய இடர் உரிமை பற்றியது. வீடு கணவரின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், கணவரின் தாயார் உயிருடனிருந்தால் அவருக்கும், சமபங்கு உண்டு. முப்பது ஆண்டு அந்த வீட்டை ஆண்ட மூதாட்டி, மூன்று பிள்ளைகள் இருந்தால், நான்கில் ஒரு பங்குக்கே உரியவர். துபாயிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகள் யாவரும் கையொப்பமிட்டாலன்றி அவரால் வீட்டை விற்க இயலாது. எனவே இருவரும் உயிருடனும் தெளிவுடனும் இருக்கும்போதே முடிவெடுப்பது நலம். பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் மறைந்த பிறகே இப்பேச்சு எழுகிறது.

சிலர் விற்பதற்குப் பதிலாக வீட்டைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிவிடுகின்றனர். பராமரிப்பதாகக் கூறிப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமையை 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அளிக்கிறது. ஆனால் பராமரிப்பு நிபந்தனையின் பேரில்தான் சொத்து மாற்றப்பட்டது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், முதியோர் நலனுக்காக இயற்றப்பட்ட இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் தாராளத்தை நம்பியிருப்பதைவிட, பத்திரத்திலேயே ஒரு வரி சேர்ப்பது மேலல்லவா? பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை எழுதி வாங்குவதா என்னும் கூச்சமே அந்த ஒரு வரியைத் தடுக்கிறது.

வீட்டை விட்டு நகர விரும்பாதோர்க்கு மறுவழி உண்டு. எதிர்மாற்று அடமானக் கடன் என்னும் திட்டம் 2007-இல் தொடங்கப்பட்டது. 60 வயது நிரம்பியோர் தாம் ஈட்டிய, தாம் குடியிருக்கும் வீட்டின் பேரில் வங்கியிலிருந்து தவணைகளாகப் பணம் பெறலாம். தம்பதியர் வாழும்வரை திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. பின்னர் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம். இன்றேல் வங்கி விற்றுக்கொள்ளும். நல்ல திட்டமே ஆயினும் மக்களிடையே பரவவில்லை. தரவாட்டு வழியில் வந்த வீடுகள் இதற்குத் தகுதி பெறுவது கடினம். வீடு பிள்ளைகளுக்கு என்ற எண்ணமோ அதனினும் வலிது.

எங்கே குடிபெயர்வது என்பதும் எளிதில் விடுபடும் கேள்வியன்று. முதியோர் குடியிருப்புகளுக்கென 2019-இல் மத்திய அரசு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் கேரளத்துச் சிற்றூர்களில் வேறொரு செல்வமும் உண்டு: அண்டை அயலாரே தொண்டர்களாகி, படுக்கையில் விழுந்தோரின் வீடு தேடி வரும் வலிதணிப்புச் சேவை. இதற்கென மாநில அரசு 2008-இலேயே கொள்கை வகுத்தது. தொலைநகரின் அடுக்குமாடிக்குச் சென்றவர், அண்டை வீட்டாரின் முகத்தை மீண்டும் முதலிலிருந்து பழகியாக வேண்டும். ஆகவே அதே ஊராட்சியில், கூடுமானால் அதே வீட்டு வளாகத்தின் ஒரு மூலையில், இரண்டு அறையும் சமமான தரையும் உள்ள சிறு வீடு கட்டிக்கொண்டு, பெரிய வீட்டை வாடகைக்கு விடுவதே பலருக்குப் பொருந்தும்.

அவ்வாறு மாறும் நாளில் வண்டி வேண்டுவதில்லை. கட்டிலையும் உருளியையும் நிலவிளக்கையும் இருவர் கையால் தூக்கிச் சென்றுவிடலாம். கிணறும் அதே கிணறாகவே இருக்கும்.