கள்ளுண்ணாமையும் பன்னிரு படிகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டி ஜவ்வாது மலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செங்கத்தின் அருகே நீண்டு கிடக்கும் இம்மலைத் தொடரில் கூடும் தமிழ் அவை மலைபடுகடாத்தை மறத்தல் இயலாது. செங்கண்மாத்து வேள் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய அப்பாட்டில், வழிச்செல்லும் கூத்தர்க்கு மலைவாழ் மக்கள் அளிக்கும் விருந்து விரிவாகப் பேசப்படுகின்றது. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்தேறலும் அவ்விருந்தில் உண்டு. அங்கே குடி, விருந்தோம்பலின் ஓர் உறுப்பு. இன்று இதே மலையிலிருந்து வரும் செய்திகளுள் ஒன்று, சாராய ஊறலைக் காவல்துறை கண்டு அழித்தது என்பதாகும். விருந்தாய் இருந்த ஒன்று, சிலருக்கு விட நினைத்தும் விடவியலாத நோயாகிவிட்டது.

1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. சட்டம் கடையை மூடலாம்; திறக்கலாம். தன்னால் நிறுத்த முடியவில்லை என்று தவிப்பவனுக்குச் சட்டம் தரக்கூடியது மிகக் குறைவு.

அத்தகையோர்க்கென்று அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935இல் தோன்றியதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஏ.ஏ. அமைப்பு. குடிநோயிலிருந்து மீண்ட பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் அதன் முன்னோடிகள். பெயரை வெளியிடாமல் கூடுவதும், தத்தம் கதையைச் சொல்வதும், பன்னிரு படிகளைப் பின்பற்றுவதும் அதன் முறை. அப்படிகளுள் ஆறு, இறைவனையோ மனிதனுக்கு மேலான ஓர் ஆற்றலையோ சுட்டுகின்றன. இறைநம்பிக்கை இல்லாதவன் தயங்கி நிற்பது இங்கேதான்.

தமிழகத்தில் இத்தயக்கம் கற்பனையன்று. கள்ளுக்கடை மறியல் காலத்தில் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் கடவுள் மறுப்பையே இயக்கமாக்கியவரும் அவரே. அவ்வழியில் வளர்ந்த ஒருவர் குடிநோய்க்கு ஆட்பட்டு, துணை தேடிக் கூட்டத்துக்கு வருகிறார் என்று கொள்வோம். கூட்டம் வேண்டுதலோடு முடிகிறது. தன் கொள்கையை விற்றுத்தான் உயிரைக் காக்க வேண்டுமோ என்று அவர் எழுந்து போய்விடுகிறார். அவ்விரவில் அவர் செல்லக்கூடிய மற்றோர் இடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

இச்சிக்கல் அமைப்பின் தொடக்க நாளிலேயே எழுந்தது. 1939இல் படிகள் நூலாக வெளிவருமுன், ஜிம் பர்வெல் முதலிய நம்பிக்கையற்ற உறுப்பினர் வாதிட்டனர்; அதன் பயனாக, அவரவர் புரிந்துகொண்டவாறான இறைவன் என்னும் பொருள்படும் சொற்கள் சேர்ந்தன. 1975இல் சிகாகோவில் நாத்திகர்க்கும் ஐயவாதிகளுக்கும் தனிக் கூட்டம் தொடங்கியது. எல்லா இடத்திலும் கதவு எளிதில் திறக்கவில்லை. டொராண்டோவில் படிகளைக் கடவுள் பெயரின்றி மாற்றிய இரு குழுக்கள் 2011இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2017இல்தான் மீண்டும் இடம் பெற்றன.

2002இல் டோனிகன், மில்லர், ஷெர்மர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று கருதத்தக்கது. நம்பிக்கையற்றோர் கூட்டங்களுக்குக் குறைவாகவே வந்தனர். வந்தவர் பெற்ற பயனோ மற்றவர் பெற்றதற்குக் குறையவில்லை. மருந்தில் குறையில்லை, வாசலில்தான் தடை இருந்தது என்பதே இதன் பொருள்.

அப்படியாயின், கடவுளை நீக்கிய பின்னும் வேலை செய்யும் அம்மருந்து யாது? இதற்கு விடை திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. கள்ளுண்ணாமையின் பத்துக் குறளிலும் கடவுளும் இல்லை, நரகமும் இல்லை. தாயின் முகம் உண்டு, ஊராரின் நகைப்பு உண்டு, நாணம் உண்டு. குடித்ததில்லை என்று மறைப்பதைக் கைவிடச் சொல்கிறது ஒரு குறள், ஏ.ஏ.யின் முதற்படியும் ஒப்புக்கொள்ளுதலே. குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது வீண் என்கிறது அடுத்தது, ஏ.ஏ. கூட்டங்களிலும் வாதமில்லை, கதைதான் உண்டு. இறுதிக் குறளோ, தெளிந்திருக்கும் வேளையில் பிறனொருவனின் மயக்கத்தைக் காண்பவன், தன் நிலையும் இதுவே என எண்ணிப் பாரானோ என்று வினவுகிறது. அங்கே தெளிந்தவன் மயங்கியவனைக் கண்டு தன்னை அறிகிறான். கூட்டத்திலோ, மயங்கியவன் தெளிந்தவனைக் கண்டு, தானும் இவ்வாறு ஆகலாம் என்று துணிகிறான். நம்பிக்கையற்ற உறுப்பினர் பலர், மேலான ஆற்றல் என்பதற்குத் தம் குழுவையே பொருளாகக் கொள்வதன் காரணமும் இதுவே. இக்காலப் பதிப்புகளில் அவ்வதிகாரம் நட்பியலுள் அமைந்திருப்பது பொருத்தமே.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் உயிர்க்கேடும் நேரலாம். ஆகவே மருத்துவர் துணை முதலில் வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சையை நகரோடு நிறுத்தாமல் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் ஊர்மக்கள் துணையோடு முகாமாகவும் நடத்தியுள்ளது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையூர்களுக்கும் ஊர்தேடிச் செல்லும் அவ்வழியே ஏற்றது. ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூரில் பெயர் மறைத்தல் அரிது. அங்கே கேட்டதை வெளியே சொல்லாத நா ஒன்றே காவல். மலையாளி மக்களுக்குத் தம் தெய்வங்கள் உண்டு. மலைக்குப் பணிக்கு வரும் ஆசிரியருக்கோ அலுவலருக்கோ தெய்வமே இல்லாதிருக்கலாம். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து சொல்லக்கூடிய சொற்கள் வேண்டும்.

அச்சொற்களை ஆக்கித் தருதல் கவிஞர் கடமை. வேண்டுதலை விரும்புவோர் வேண்டட்டும். விரும்பாதோர் அமைதி காக்கட்டும். பன்னிரு படிகளை, நம்புவோனும் நம்பாதோனும் நாக்கூசாமல் சொல்லும் எளிய தமிழில் இவ்வட்டம் அமைத்துத் தருமாயின், எழுந்து போக நினைத்த ஒருவர் அமர்ந்துவிடக்கூடும். பத்தாண்டுப் பணிக்கு அதைவிடச் சிறந்த நிறைவு வேறில்லை.