சொடுக்காத தொடுதளம்

நோய் ஒன்றாயிருக்க மருந்து வேறொன்றாயின் துன்பம் தீராது, பெருகவே செய்யும். நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. உடலுக்குக் கூறிய அந்நெறி மடிக்கணினிக்கும் பொருந்தும்.

2020 ஆம் ஆண்டு கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபின், திரையில் பாடம் பயிலும் வழக்கம் ஊவாத் தோட்டங்களையும் எட்டியது. பசறைப் பக்கத்து லயமொன்றில் உயர்தரப் பரீட்சைக்குப் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய மடிக்கணினி அவளுடையது. ஒருநாள், விரலை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகர்கிறது. அழுத்தினாலோ சொடுக்கு விழவில்லை. அவள் மேலும் வலிந்து அழுத்துகிறாள். அதுவே முதற் பிழை.

தொடுதளம் இரு தொழில்களைச் செய்கிறது. விரலின் நகர்வை அதன் மேற்பரப்பு உணர்கிறது. சொடுக்கை உணர்வது, பெரும்பாலான கணினிகளில், அடியிலுள்ள சிறு ஆளி. மேல் விளிம்பு கீல்போல் நிற்க, கீழ்ப்பகுதியே தாழ்ந்து ஆளியைத் தொடும். ஆதலால் மேல் விளிம்பருகே அழுத்திச் சொடுக்கு விழாவிடின் அது குறையன்று.

முதலில் கணினியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் வெளிச்சுட்டி ஒன்றை இணைக்கலாம். அதனாலும் சொடுக்கு விழாவிடின் பிழை பெரும்பாலும் மென்பொருளில் உள்ளது. சுட்டி செவ்வனே இயங்கி, தளத்தை மெல்லத் தட்டும்போதும் சொடுக்கு விழுந்து, அழுத்தும்போது மட்டும் விழாதாயின், குறை தளத்தின் அடியிலேதான். வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரக்கையும் தளத்தை மயக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வேளை போதும்.

அஞ்சத்தக்க காரணம் ஒன்றும் உண்டு. பல கணினிகளில் தொடுதளத்தின் கீழோ அருகிலோ லிதியம் அயன் மின்கலம் அமைந்துள்ளது. முதுமையாலும் வெப்பத்தாலும் இடைவிடாது மின்னேற்றுவதாலும் அதனுள் வாயு தோன்றிக் கலம் வீங்குவதுண்டு. வீங்கிய கலம் தளத்தை அடியிலிருந்து உந்தும். தாழ இடமின்றிச் சொடுக்கு நின்றுவிடும். சமமான மேசையில் வைத்த கணினி ஆடுகிறதா, மூடி பொருந்தாமல் நிற்கிறதா, தளம் மேலெழுந்துள்ளதா என நோக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்று காணப்படினும் மின்னேற்றியைக் கழற்றிக் கணினியை அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு அப்பால் வைத்து, தேர்ந்த தொழில்நுட்பவியலாளரை நாடுதல் வேண்டும். கலத்தை அழுத்துதலும் குத்துதலும் ஆகா, அது தீப்பற்றக்கூடும். அடுப்பிலோ குப்பையிலோ எறிதலும் தகாது. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் லயத்தில் ஓர் அறையின் தீ அவ்வறையோடு நில்லாது. பாடக்குறிப்புகள் அழிந்துவிடும் என்றஞ்சி மேலும் ஒரு மணிநேரம் இயக்கவும் வேண்டா. அவை வேறு பகுதியில் பதிந்துள்ளன. மின்கலத்தை மாற்றுவதால் அழியமாட்டா.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரம் வழக்கமில்லா ஒலி எழுப்பினால், அனுபவமுள்ள தொழிலாளர் முதலில் அதனை நிறுத்துவர். பின்னரே காரணத்தைத் தேடுவர். அவ்வறிவு தோட்டத்திற்குப் புதிதன்று. தந்தை இயந்திரத்தின் முன் கற்றதனை மகள் மடிக்கணினியின் முன் நினைவுகொள்வாளாயின், அவள் விரலை எடுத்துவிடுவாள். கணினியைத் தூக்கி அதன் அடிப்புறத்தைப் பார்ப்பாள்.