பேசும் முன் எழுதுவோம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் 'ரெட்ரோ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரெட்ரோஸ்பெக்டிவ் என்பதன் சுருக்கம் அது. இரண்டு வாரமோ ஒரு மாதமோ உழைத்து ஒரு பகுதியை முடித்ததும், 'எப்படிச் சேர்ந்து வேலை செய்தோம், எங்கே சிக்கியது' என்று அந்தக் குழுவே உட்கார்ந்து பார்க்கும் கூட்டம். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை உருவாக்கினார்கள். அதனுடன் உள்ள 12 கொள்கைகளில் கடைசி இதுதான்: குழு அவ்வப்போது தன்னைத் திரும்பிப் பார்த்துத் தன் நடைமுறையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கூட்டம் நமக்குப் புதிதா என்ன? ஆனால் யார் பேசுகிறோம்? தலைமை ஆசிரியர் பேசுவார், மூத்தவர்கள் இருவர் பேசுவார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். மென்பொருள் குழுக்களிலும் இதே நிலை உண்டு. அதனால்தான் அங்கே பல குழுக்கள் பேச்சைத் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் எழுத வைக்கின்றன. ஐந்து நிமிடம் அமைதி. ஒரு சீட்டில் ஒரு செய்தி. பெயர் வேண்டாம்.

எஸ்தர் டெர்பி, டயானா லார்சன் இருவரும் 2006இல் வெளியிட்ட புத்தகத்தில் இக்கூட்டத்துக்கு ஐந்து கட்டங்கள் சொல்கிறார்கள்: மனத்தைத் தயார் செய்தல், நடந்ததைத் திரட்டுதல், காரணம் தேடுதல், செய்யப்போவதை முடிவு செய்தல், நிறைவு செய்தல். நாம் இரண்டாவதைத் தாண்டி நேரே மூன்றாவதில் குதித்துவிடுகிறோம். 'பிள்ளைகள் படிப்பதில்லை, வீட்டில் கவனிப்பதில்லை, எப்போதும் கைபேசி.' பத்து நிமிடத்தில் காரணம் கண்டுபிடித்தாகிவிடும்!

எங்கள் நடுநிலைப் பள்ளியில் காலாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் மிகவும் குறைந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. தலைமை ஆசிரியரும் எங்களோடு உட்கார்ந்து சீட்டு எழுதினார். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாள்காட்டித் தாள்களைக் கரும்பலகையில் ஒட்டினோம். கண்ட நிகழ்ச்சியை மட்டும் எழுத வேண்டும், கருத்து கூடாது என்பது நிபந்தனை. சீட்டுகளை நான் வாங்கிக் கலைத்து, தேதிக்கு நேரே என் கையால் எழுதினேன். இல்லாவிட்டால் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். தினமும் நோட்டுத் திருத்துகிறவர்கள் ஆயிற்றே!

ஒரு சீட்டு இப்படி இருந்தது: 'திங்கள் முதல் பாடவேளை, வழிபாட்டுக் கூட்டம் முடியும்போது பாதி போய்விடுகிறது.' இன்னொன்று, 'குறுவட்டப் போட்டிப் பயிற்சிக்கு வெள்ளி கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை அழைத்தேன்.' கால அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். இரண்டுமே ஏழாம் வகுப்பின் கணக்குப் பாடவேளைகள்.

இரண்டையும் எழுதியவர் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கணக்கு ஆசிரியைக்கு இது முன்பே தெரியும். 'நான் சொன்னால் சாக்கு என்பீர்கள், சார்' என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

நார்மன் கெர்த் என்பவர் இதற்காகவே ஒரு தொடக்க விதி வகுத்தார். அன்று தெரிந்ததை வைத்து, இருந்த வசதியில், ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைத்தான் செய்தார்கள் என்று நம்பிக் கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது அது. இதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாய்விட்டு வாசிப்பது நல்லது. சீட்டுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மேலே போகும் அறிக்கை என்றால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

நாற்பது நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி என்றால் சலிக்கும். அடுத்த முறை பாய்மரக் கப்பல் ஒன்றை வரைந்து, நம்மைத் தள்ளும் காற்று எது, பிடித்து இழுக்கும் நங்கூரம் எது என்று கேட்கலாம். முடிவு மட்டும் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். நாங்கள் எடுத்தது ஒன்றே ஒன்று: அந்த இரு பாடவேளைகளை இடம் மாற்றுவது. பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள் என்று பலகையிலேயே எழுதினோம். அடுத்த கூட்டம் அதைச் சரிபார்ப்பதில்தான் தொடங்கியது.

அரையாண்டில் பலர் தேறினார்கள். நான்கு பேர் இன்னும் வகுத்தலிலேயே நிற்கிறார்கள். அது கால அட்டவணையால் தீராது. வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த நால்வரைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.