கூலியும் குடியுரிமையும்



மண்டபம் முகாமை அறியாதார் இராமநாதபுரச் சீமையில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழைகளைத் தடுத்துவைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே தனுஷ்கோடிக்கு அனுப்பிய இடம் அது. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. கப்பலேறியவனின் உடலைச் சோதித்தார்கள். அவன் உரிமையைப் பற்றி எவரும் கேட்கவில்லை!

அந்தக் கேள்வியைக் கேட்டவரும் இச்சீமையில் பிறந்தவரே. சௌமியமூர்த்தி தொண்டமான், 1913-இல், அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தொழிலாளியாகக் கடல் கடந்த அவர் தந்தை கருப்பையா, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளராக உயர்ந்தவர்.

முதலாளியின் மகனுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்பீர்கள். வரலாறு விடை சொல்லட்டும். 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அடுத்து அதன் தொழிற்சங்கம் எழுந்தது. 1947-இல் நுவரெலியா மக்கள் தொண்டமானை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. உழைக்க உரிமை உண்டு. உரைக்க உரிமை இல்லை! அரசின் பட்டியல் தள்ளிய மனிதனைச் சங்கத்தின் பட்டியல் ஏற்றுக்கொண்டது. வாக்கிழந்தவனுக்கு எஞ்சிய ஒரே வலிமை அதுதான்.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்தனர். மனிதரா, மூட்டைகளா? 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர்த் தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் இறங்கினர். பாட்டன் புறப்பட்ட மண்டபத்துக்கே பேரன் வந்து நின்றான்.

தொண்டமான் 1978-இல் அமைச்சரானார். 1983-இல் தமிழர் வீடுகள் எரிந்தபோதும் அவர் பதவி துறக்கவில்லை என்ற குறை உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பதவியிலிருந்தே 1984-இல் வேலைநிறுத்தம் நடத்தினார். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். வேலைநேரத்தில் தொழிலாளர் வழிபாட்டில் அமர, அரசு இறங்கிவந்தது. 1988-இல் நாடற்றோருக்குக் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. 1999 அக்டோபர் 30 அன்று அவர் மறைந்தார். ஒப்பந்தம் நிறைவேறிய அதே நாள், 35 ஆண்டுகள் கழித்து!

தோழர்களே, கூலி உயர்வு வயிற்றுக்கு. குடியுரிமை தலை நிமிர்வதற்கு. முன்னதைக் கேட்கும் சங்கம் பின்னதை மறந்தால், பெற்ற கூலியும் நிலைக்காது. போரினால் ஓடிவந்து தமிழக முகாம்களில் வாழ்வோரிடையே, மலையக வழியினர் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். அக்கரையில் தொண்டமான் கேட்ட கேள்வியை இக்கரையில் கேட்க வேண்டியவர்கள் நாம்!