பூனைக் காதுச் சட்டை



மார்கழியில் மாமல்லபுரக் கடற்காற்று என் பேத்திக்கு ஆகாது. செங்கல்பட்டில் பனியன் துணி வாங்கி, குல்லா வைத்த சட்டை கையாலேயே தைக்க உட்கார்ந்தேன். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்து யானையை நான் சொல்ல, "கையைத் தூக்கித் தவம் பண்ணுதே, அந்தப் பூனைதான் வேணும் தாத்தா!" என்றாள்.

ஓட்டத் தையல் போட்டேன். தலை நுழைந்ததுமே நூல் பட்டென்று அறுந்தது. இழுபடும் துணிக்குப் பின் தையல்தான் தாங்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. காதுகளைக் குல்லாவின் மூட்டுக்குள் செருகித் தைத்தேன்.

கழுத்துக்கு நாடா கோக்கவில்லை. மகளுக்கு வருத்தம்தான், அழகு போச்சாம்! சறுக்குமரத்திலோ பஸ் கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடுமே. அமெரிக்காவில் 1996-லேயே இதற்கு எச்சரிக்கை நெறிமுறை வெளியிட்டார்கள்.

பேத்தி இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வலது காது கொஞ்சம் கோணல், சிரிக்காதீங்க!