உடம்புக்குப் படுத்தவர் மனசையும் பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)



கடன், வட்டி பத்திப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். அங்கே பார்த்த ஒண்ணைச் சொல்றேன்.

சர்க்கரையால் காலில் புண் வந்து ரெண்டு விரல் எடுத்த அம்மா ஒருத்தர். நம்ம சத்திரப்பட்டியில் நெய்யுற பேண்டேஜ் துணியைத்தான் தினமும் கட்டுவோம். புண்ணு நல்லா ஆறிக்கிட்டு வந்தது. ஆனா அவங்க சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. பேத்தி வந்தாலும் முகம் கொடுக்கலை. "வீட்டு ஞாபகம் சிஸ்டர்"னு மக சொன்னா. நாங்களும் "தைரியமா இருங்கம்மா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம்.

அந்த வாரம் குழுவிலிருந்து நாலு பேர் ஆப்பிள், ஹார்லிக்ஸோட பார்க்க வந்தாங்க. கிளம்பும்போது ஒருத்தர், "மதினி, இந்த மாசத் தவணைக்கு யாரைக் கேக்க?"ன்னாங்க. கெட்ட எண்ணத்தில் கேட்கலை. அன்னைக்கு ராத்திரி அந்தம்மா என்கிட்ட, "எல்லாருக்கும் பாரமாயிட்டேன் தாயி"ன்னாங்க. நான் அதை டாக்டர்கிட்ட சொல்லலை. என் தப்புதான். ரெண்டு நாள் கழிச்சு விரிப்பு மாத்தினா, தலகாணிக்கடியில் ஏழெட்டு மாத்திரை. முழுங்காம ஒளிச்சு வச்சிருக்காங்க.

பக்கவாதம் வந்தவங்களில் ஏறக்குறைய மூணில் ஒருத்தருக்கும், மாரடைப்பு வந்தவங்களில் அஞ்சில் ஒருத்தருக்கும் மனச்சோர்வு வருது. "இவ்வளவு பெரிய சீக்கு வந்தா கவலை இருக்காதா"ன்னு நாம விட்டுடுறோம். கவலை வேறு. கவலைப்படுறவங்க பேரப்பிள்ளையைப் பார்த்தா சிரிப்பாங்க. பசி இல்லை, தூக்கம் இல்லைங்கிறதை மட்டும் வச்சும் கண்டுபிடிக்க முடியாது. அது உடம்புச் சீக்கிலேயே வரும். பிடிச்சது எதுவும் பிடிக்காம, மனசு விட்டுப்போய், 'நான் பாரம்'னு ரெண்டு வாரம் இருந்தா நர்ஸிடம் சொல்லுங்க. சாகிற பேச்சு வந்தா அன்னைக்கே சொல்லணும், தனியா விடக்கூடாது. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேட்கலாம். கேட்டதால் அந்த நினைப்பு வந்துடாது. (இன்னொண்ணு. நேத்து வரை நல்லாப் பேசினவர் திடீர்னு ஆள் தெரியாம உளறினா அது வேற. ரத்தத்தில் உப்பு குறைஞ்சிருக்கலாம், கிருமி ஏறியிருக்கலாம். உடனே எங்களைக் கூப்பிடுங்க.)

அந்தம்மாவைப் பார்க்க மனநல டாக்டர் வந்தார். முதலில் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொன்னார். அதனாலும் இப்படிச் சோர்வு வரும். அப்புறம் மத்த மருந்துகளோட ஒத்துப்போற ஒரு மாத்திரை கொடுத்தார், உட்கார்ந்து பேசினார். பத்து நாள் ஒண்ணும் தெரியலை. "இது தூக்க மாத்திரை, பழகிடும்"னு மக நிறுத்தப் பார்த்தா. இது போதை மருந்து இல்லை. வேலை செய்ய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். குணமான பிறகும் பல மாசம் சாப்பிடணும், டாக்டர் சொல்லித்தான் குறைக்கணும்.

மூணாவது வாரம், "கஞ்சிக்குத் தொட்டுக்கத் துவையல் இல்லையா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. மக அழுதுட்டா.

தவணையை ரெண்டு மாசம் குழுவே கட்டிச்சு. அன்னைக்குக் கேட்டவங்கதான் முதல்ல பணம் போட்டாங்க.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. வேற அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தா, மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்க்க முடியுமான்னு கேளுங்க. எந்த நேரமும் 14416, டெலி மனாஸ். காசு இல்லை, தமிழில் பேசலாம். பாஸ்புக் அட்டையில் எழுதி வச்சுக்கோங்க. அடுத்த தடவை யாரையாவது பார்க்கப் போனா, தவணைப் பேச்சைக் குழுக் கூட்டத்திலேயே முடிச்சுட்டுப் போங்க.