வராதவரையும் கணக்கில் எழுதுங்கள்

இன்று பட்டம் பெறும் தாதியரே, மருந்தாளர்களே!

கிள்ளானோ செந்தூலோ, நீங்கள் வேலைக்குப் போகும் எந்தக் கிளினிக்கிலும் இனிப்புநீர்க்காரர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் எனும் நீரிழிவு. இந்தியர்களிடையே 31 விழுக்காட்டுக்கு மேல். நம் கல்யாணப் பந்தியில் ஏறத்தாழ மூன்று இலைக்கு ஒன்று.

இவர்களை நாம் நன்றாகத்தான் கவனிக்கிறோமா? 1966-இல் அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவ அறிஞர் இதற்கு மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறோம், நோயாளி என்ன ஆனார். முதலிரண்டையும் எண்ணுவது சுலபம். அதனாலேயே அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உதாரணத்துக்கு, இனிப்புநீர்க்காரர்களின் பாதப் பரிசோதனையைப் பாருங்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையை அது வளையும்வரை உள்ளங்காலில் அழுத்தி, "தெரியுதா ஐயா?" என்று கேட்க வேண்டும். பதில் வராத இடத்தில் நாளை ஆணி ஏறினாலும் அவருக்கு உறைக்காது. இதற்குச் சில நிமிடமாவது ஆகும். செய்தாயிற்று என்று படிவத்தில் கோடு போட ஒரு விநாடி போதும். சப்பாத்தே கழற்றாத காலுக்கும் கோடு விழுவதைக் கண்டிருக்கிறேன். தணிக்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, விளைவை அளந்தால்? கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5-க்குள் இருப்பது நல்ல இலக்குதான். ஆனால் கிள்ளானில் தனியே இருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் எண்பது வயதுப் பாட்டியிடம் அந்த எண்ணைத் துரத்தினால், விடியற்காலையில் சர்க்கரை இறங்கி அவர் மயங்கி விழக்கூடும். அவரைப் போன்றவர்களுக்கு இலக்கைத் தளர்த்தலாம் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. அட்டவணையில் அவர் 'கட்டுப்பாட்டில் இல்லை'. ஏழரையோடு நடமாடும் அந்தப் பாட்டிக்குக் கிடைப்பதுதான் நல்ல சிகிச்சை என்பேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. கிளினிக்கின் சராசரி, வந்தவர்களின் ரத்தத்திலிருந்து மட்டுமே வருகிறது. இரவெல்லாம் லாரி ஓட்டுபவர், விடுப்பு எடுத்தால் சம்பளம் வெட்டப்படும் பாதுகாவலர் போன்றவர்களை அரசாங்கக் கிளினிக்கின் ஒரு ரிங்கிட் கட்டணம் தடுப்பதில்லை, அரைநாள் காத்திருப்பு தடுக்கிறது. சர்க்கரை எகிறிப்போன இவர்கள் வராமல் நின்றுவிட்டால் நம் சராசரி அழகாகிவிடும்! பிறகு அவர்களை டயாலிசிஸ் நாற்காலியில் சந்திக்கிறோம், அல்லது பார்வை மங்கியபின். இனிப்புநீரால் போகும் பார்வையில் பெரும்பகுதி, விழித்திரையை ஒழுங்காகச் சோதித்து உரிய நேரத்தில் சிகிச்சை தந்தால் காப்பாற்றக் கூடியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே, ஆறு மாதமாக வராத நோயாளிகளின் பட்டியலைக் கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே எழுதுங்கள். போன் போட்டு, "ஏன் வரலை?" என்று அதட்டாமல், "எந்த நேரம் உங்களுக்குத் தோது?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதில்களை மேலதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை மறுத்தால் மறுமாதமும் கொண்டுபோங்கள்.